ராஜவேலு முந்திரி, புள்ளி, காம்

ஐப்பசி 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். முந்திரிப் பயிறு நமுத்துவிடும் என்று டின் எல்லாம் இறுக்கி மூடினேன்.

வெள்ளிக்கிழமை இவருடைய தலைத்திவசம். வாழையிலை சொல்ல வேண்டும். ஐயரிடம் சொல்லியாயிற்று. இவர் அண்ணன் அண்ணாகிராமத்திலிருந்து வருகிறார், அவருக்கு வேட்டி. மகள் வாணிக்கு லீவு கிடைத்துவிட்டதாம், பாண்டிச்சேரியிலிருந்து வியாழன் ராத்திரிக்குள் வந்துவிடுவாள். எள். நல்லெண்ணெய் இருக்கிறது.

பேனர் இன்றைக்கே வந்துவிட்டது. அதை அடித்துக் கொடுத்த மணியே ஆள் வைத்துக் கடை முகப்பில் கட்டிவிட்டுப் போனான். போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது. முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி. கீழே என் பேர், வாணி பேர். அதற்கும் கீழே கடை விலாசம், கூடவே இங்கிலீசில் அந்த இன்டர்நெட் பேர். நான் அதைப் போடச் சொல்லவில்லை. விலாசத்துக்காக இவருடைய பழைய கார்டைக் கொடுத்தேன், மணி கார்டில் இருந்ததை அப்படியே இறக்கிவிட்டான்.

இருக்கட்டும் என்றேன். அந்தப் பேர் மேல் இவருக்கு அவ்வளவு ஆசை. போனில் யார் கேட்டாலும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, கடைசியில் "ஒரு புள்ளி வெச்சுக்குங்க, காம் போடுங்க" என்பார். கோலத்துக்குச் சொல்வது போல இருக்கும். நான் சிரிப்பேன்.

இவர் போன பிறகு நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. போனில் ஆர்டர் சொல்கிறார்கள், எழுதிக்கொள்கிறேன்.

மஞ்சப்பை இன்னும் நாலு கட்டு இருக்கிறது. இவர் அச்சடித்தது. அதிலும் அதே பேர்.

ஐப்பசி 19, புதன்

மழை விட்டுவிட்டு.

பரங்கிப்பேட்டை ஜீனத் அக்கா போன். வருசா வருசம் துபாயில் இருக்கும் மகனுக்கு நம் பயிறுதான் அனுப்புவார். விலை பார்க்க அந்த மகன் நம் பேரைத் திறந்திருக்கிறான்.

"தப்பா எடுத்துக்காத மல்லிகா. உங்க கடை பேர போட்டா சீட்டாட்டம் வருதாம்ல. பொம்பள படம் வேற. அல்லா, அந்த மனுசன் ஒரு லாட்டரி சீட்டு கூட வாங்குனதில்லயேம்மா."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடையைச் சாத்திவிட்டு மணியிடம் போனேன். கம்ப்யூட்டரில் போடச் சொன்னேன். சீட்டுக்கட்டு பறக்கிறது, காசு கொட்டுகிறது, ஒருத்தி கண்ணடிக்கிறாள். தமிழிலேயே எழுதியிருக்கிறது, உடனே ஆடுங்கள் என்று. மேலே இவர் பேர்.

மணி திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "யக்கா, நான் அடிச்சது கரெக்ட்டுதான். ஸ்பெல்லிங்க பாருங்க" என்கிறான். எழுத்துப் பிழை இல்லை. அவன் கவலை அவனுக்கு.

வாணிக்குப் போன் போட்டேன். "அம்மா, அது வருசா வருசம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும். இல்லன்னா வேற யாராவது வாங்கிடுவாங்க. செந்தில் அண்ணன்தான அப்பாவுக்குப் பண்ணிக் குடுத்தாரு, அவரைக் கேளு."

வாங்கிவிடுவார்களாம். செத்தவர் பேரை.

திரும்பி வரும்போது எதிர் டீக்கடையில் இரண்டு பேர். பேனரைப் பார்க்கிறார்கள், போனைப் பார்க்கிறார்கள்.

"முதலாளி மேல போயும் யாவாரத்த விடல மச்சான்."

"மேலதான்டா ஜாஸ்தி கூட்டம்."

என் காதில் விழவேண்டும் என்றேதான் சொன்னார்கள். இவரிடம் கடன் சொல்லிப் பயிறு வாங்கித் தின்ற வாய்கள்.

மணி வந்து அந்த வரி மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினான். நாளைக்குச் சிதம்பரம் போகிறேன், செந்திலைப் பார்க்க. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பேர் திரும்பக் கிடைக்க வேண்டும். சொந்தம் அத்தனையும் வருகிறது.

ஐப்பசி 20, வியாழன்

முதல் பஸ். ஜன்னல் மூடவில்லை, ஒரு பக்கம் முழுக்க நனைந்து போனேன்.

செந்தில் கடை கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம். இவரை மாமா மாமா என்று சுற்றி வந்தவன். சாவுக்கு வந்து மாலை போட்டான், அழுதான். அதையும் சொல்ல வேண்டும்.

"உக்காருங்கக்கா. டீ சொல்லட்டா?"

"டீ வேணாம். பேரு எங்கடா?"

முகம் பார்க்கவில்லை. கீபோர்டைத் துடைத்தான். "மாமாவுக்கு என் கணக்குலதான் வாங்கிக் குடுத்தேன். அவுரு போனதுக்கப்புறம் ஒருத்தவுங்க கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"குடுத்தியா, வித்தியா?"

"வித்தேன்."

யாருக்கு என்றால் தெரியாதாம். பழைய பேராகத் தேடித்தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்களாம். "நாலு வருசமா ஆளுங்க வந்து போன பேருக்கா. புதுப் பேர விட மதிப்பு."

"வந்தவுங்க பயிறுக்கு வந்தாங்கடா. அவுரு மூஞ்சிக்கு வந்தாங்க."

"காலி மனை மாதிரிக்கா. ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் வாங்குறாரு. அங்க அவுரு கோயில் கட்டுறாரா ஒயின்ஷாப் கட்டுறாரா, நாம கேக்க முடியாது. எல்லாம் சட்டப்படிதான்."

ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அநியாயம்மா. உழைக்காம அடுத்தவன் பேர வித்துத் திங்கிறது. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செந்திலிடம் குனிந்து கேட்டார்: "ஏம்பா, இப்ப ஒரு நல்ல பேரா புடிச்சுப் போட்டா பின்னால ஏறுமா?"

அவர் போன பிறகு செந்தில் மெல்லச் சொன்னான். "கேட்டுட்டுத்தானக்கா வித்தேன். கருமாதிக்கு மறுநாள் போன் பண்ணேன். மாமா பேரு முடியப் போவுது, வெச்சுக்கறதா எடுத்துடறதான்னு கேட்டேன். நீங்கதான் எடுத்துடுன்னீங்க."

பொய் என்று சொல்ல வாய் திறந்தேன். பொய் இல்லை. சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரம் முழுக்க எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். ரேஷன் கார்டில் பேர் எடுக்கணும். ஓட்டு லிஸ்ட்டில் பேர் எடுக்கணும். கரண்ட் பில்லில் பேர் மாத்தணும். இவன் கேட்டதும் ரேஷன் கார்டு என்றுதான் நினைத்தேன். "எடுத்துடு செந்திலு, ஒண்ணொண்ணுக்கும் என்னக் கேக்காத" என்று வைத்துவிட்டேன். தாலி எடுத்து ஒரு நாள் ஆன கழுத்து. அப்போது யார் என்ன கேட்டிருந்தாலும் எடுத்துடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

"சரிடா. சொன்னேன். நேர்ல வந்து ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா? பஸ்ஸுல ஒரு மணி நேரம். கருமாதிச் சோத்துக்கு வந்தியே."

உதவி செய்கிற மாதிரி சொன்னான்: "அதே பேரு இன்னொண்ணு இருக்குக்கா. முன்னாடி எல்லாம் அப்படியே. புள்ளிக்குப் பின்னாடி மட்டும் காம் இல்ல, இன்."

"அது யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான். வேற எவனும் புடிச்சிடக் கூடாதேன்னு."

விலையும் சொன்னான். எனக்காகக் குறைத்தானாம். குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவனைத் திட்டலாம் என்று பார்த்தேன். குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் திட்டு நின்றுவிடுகிறது. எடுத்துடு. என் வாய்தான்.

வாணி வந்துவிட்டாள். அவளிடம் விற்றுவிட்டான் என்று மட்டும் சொன்னேன். நான் சொன்னதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஐப்பசி 21, வெள்ளி

விடியற்காலை நல்ல மழை. ஸ்டிக்கர் ஊறி உரிந்து தரையில் கிடந்தது. பேர் பளிச்சென்று இருக்கிறது, கழுவிவிட்ட மாதிரி.

கத்தி எடுத்து ஸ்டூல் மேல் ஏறினேன். அதற்குள் இவர் அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.

"இன்னாம்மா பண்ற, திவசத்தன்னிக்கு அவன் படத்துல கத்தி வெக்கிற?"

"படத்துல இல்ல மாமா. கீழ."

வாணி அவரைத் தள்ளிக் கூட்டிப்போய் சொன்னாள். கேட்டுவிட்டு வந்தார். என் கையிலிருந்து கத்தியை வாங்கி அவரே அறுத்தார். அந்த ஒரு வரி நீளத்துக்கு ஓட்டை. காற்று அதன் வழியாக அடிக்கிறது, பேனர் விசில் போல ஊதுகிறது.

படையல் முடிந்தது. காக்கா வர நேரமானது. வடை நன்றாக வந்தது. பந்தியில் உட்கார்ந்த சொந்தங்களில் பாதிப் பேர் கையில் போன். "எங்க காட்டு", "அட ஆமா", "ச்சே, என்ன அக்கிரமம்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். கண்டிப்பதற்கும் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாலை 4 மணி. எல்லாரும் கிளம்பியாயிற்று. செந்தில் போன்.

"அக்கா, திவசம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"ம்."

"வாங்குனவுங்க பேசுனாங்க. ரெண்டு நாளா கடலூர்லேருந்து நெறைய பேரு உள்ள வந்திருக்காங்களாம். ரொம்ப சந்தோசம். உங்க பக்கம் இந்த மாதிரி நல்ல பேரு வேற ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறாங்க."

"இருக்குடா. உங்கப்பா பேரு."

வைத்துவிட்டான்.

ஜீனத் அக்காவுக்கு இரண்டு கிலோ முழுப் பயிறு கட்ட வேண்டும். மஞ்சப்பையை எடுத்து உள்பக்கம் வெளியே வருகிற மாதிரிப் புரட்டினேன். நாலு கட்டையும் புரட்டிவிட்டேன். தையல் வெளியே தெரிகிறது, பார்க்க நன்றாக இல்லை. துணி மெலிசு, வெளிச்சத்தில் பிடித்தால் பேர் திருப்பிப் போட்டுத் தெரிகிறது. அந்தப் பக்கமிருந்து புள்ளி மட்டும் புள்ளியாகவே இருக்கிறது.