இருபத்தொன்பது பெருவிரல்கள்

1997 மார்ச் 4

உயர்தர வகுப்புக்குப் பிறப்புரிமையியல் தொடங்கினேன். கரும்பலகையில் கட்டம் கீறினால் தூங்கிவிடுகிறார்கள். ஆகவே ஒரு குற்றம் செய்தேன். நுணுக்குக்காட்டி வில்லையை என் மேசை லாச்சியில் ஒளித்துவிட்டு, "களவு போயிட்டுது, கண்டுபிடியுங்கோ" என்றேன். தடயங்கள்: குவளையில் ஒரு பெருவிரல் அடையாளம், கைக்குட்டையில் ஓ வகைக் குருதி. பீற்றூட் சாறுதான்.

ஹபீலா உடனே எழுந்தாள். "சேர், பிரின்சிபலையும் சந்தேகிக்கலாமா?"

சந்தேகிக்கலாம்.

மார்ச் 6

கற்பனைக் காவலாளி ஒருவரையும் சேர்த்திருந்தேன். அவருடைய தாய் ஏபி வகை. ஏபி தாய்க்கு ஓ வகைப் பிள்ளை பிறக்காது. முதலில் பிடித்தவள் மங்களேஸ்வரி. ஒக்டோபரில் கிளிநொச்சிச் சண்டைக்குத் தப்பிக் கண்டிக்கு வந்தவள். இதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை.

"அப்ப அவரை விடுங்கோ சேர். அவர் செய்யேல்லை."

இல்லாத மனிதருக்காக அவ்வளவு அவசரம்.

மார்ச் 7

அலுவலக மை ஒற்றியில் எல்லோருடைய பெருவிரலையும் எடுத்தோம். இருபத்தொன்பது தாள்கள். பெயர், விலாசம், சொந்த ஊர், குருதி வகை. ஒழுங்காக அடுக்கினேன். வீட்டில் வைத்து வகைப்படுத்த எடுத்துப்போனேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு தமிழ் இளைஞனின் பை. இருபத்தொன்பது பிள்ளைகளின் ஊர், இரத்தம், விரல் — இது எனக்கு ஏன் தோன்றவில்லை? நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் என்னதான் படித்தேன்?

பாடசாலை அதிபர் பொலிசுக்கு வந்து என்னைப் பொறுப்பெடுத்தார். சார்ஜன்ட் என்னை விட்டார். தாள்களை விடவில்லை. "மாஸ்டர் போங்க. பேப்பர் இருக்கட்டும்."

மார்ச் 10

அதிபர்: "விஞ்ஞானம் படிப்பிக்கச் சொன்னால், சனத்தொகைக் கணக்கெடுக்கிறீர்."

வகுப்பு முடிந்தும் மங்களேஸ்வரி போகவில்லை.

"சேர், நான் பொலிசிலை பதியேல்லை."

வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிசில் பதிந்தாக வேண்டும். ஐந்து மாதமாக மாமி வீட்டில், பதிவில்லாமல். இப்போது அவளுடைய விலாசம் பொலிசில். வீடு தேடி வந்தால் கொண்டுபோவார்கள். ஓகஸ்டில் பரீட்சை.

மார்ச் 11

மாமி சரோஜினிதேவி கதிரை தந்தார். தேத்தண்ணியும் தந்தார். பிறகு:

"பதிய வேண்டாமெண்டு நான்தான் மறிச்சனான். பயம். இப்ப நீங்கள் விலாசத்தைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்திருக்கிறியள்."

ஓம் என்றேன்.

அவர்கள் வரமுன் நாங்களே பொலிசுக்குப் போவோம் என்றேன்.

"நீங்களும் வருவியளோ?"

"வாறன்."

மார்ச் 12

பொலிஸ் நிலையத்துக்கு ஹபீலா கூப்பிடாமலே வந்தாள். "சேர்ட சிங்களத்தைக் கேட்டா, உங்க ரெண்டு பேரையுமே உள்ளுக்குப் போட்டுருவாங்க."

அவள்தான் பேசினாள். சார்ஜன்ட் ஒருமுறை சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. பிணைக்குக் கண்டியில் இருக்கும் ஆள் வேண்டும். கையெழுத்திட்டேன். பரீட்சை முடியும்வரை ஒவ்வொரு சனியும் ஒன்பது மணிக்கு மங்களேஸ்வரியும் நானும் வந்து கையெழுத்திட வேண்டும். அதுவரை நான் மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது.

கொன்ஸ்டபிள் மங்களேஸ்வரியின் விரலைப் பிடித்து அழுத்தினான். மை கலங்கிவிட்டது. அவள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, "நானே வைக்கிறன்" என்றாள். நக ஓரத்திலிருந்து ஓரம்வரை உருட்டினாள், வகுப்பில் நான் காட்டியது போலவே. ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

பிறகு நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19

கொழும்பில் தங்கைக்குக் கல்யாணம். நான் கண்டியில். கையெழுத்து.

ஜூன் 7

சார்ஜன்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஹா, மாஸ்டர்."

ஓகஸ்ட் 30

நேற்றுடன் பரீட்சை முடிந்தது. சார்ஜன்ட் தமிழில் கேட்டார்: "சோதனை எப்படி?"

மங்களேஸ்வரி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "நல்லாச் செய்தனான்" என்றாள்.

பதிவேட்டை மூடினார். இனி வர வேண்டியதில்லையாம்.

செப்டம்பர் 6

சனி. கொழும்பு பஸ்ஸுக்கென்றுதான் புறப்பட்டேன். ஒன்பது மணிக்குப் பொலிஸ் நிலையப் படியடியில் நின்றேன். எப்படி வந்தேன்?

எதிர்ப்பக்கத்திலிருந்து மங்களேஸ்வரி வந்துகொண்டிருந்தாள். கையில் அடையாள அட்டை.

என்னைக் கண்டதும் நின்றாள்.

"மறந்துபோய் வந்திட்டன் சேர்."

"நானும்தான்."