ஒரு வீடு போதும்

ஆகஸ்ட் 4

எங்கள் மாணவர் செய்திக் குழுவின் திட்டத்தை, குழுவுக்குப் பொறுப்பான மேடம் இன்று கிழித்துத் தொங்கவிட்டார். இந்த வட்டாரத்துத் தெருக்கள் முழுக்க, எல்லா வாடகைக் கட்டடங்களிலும் தண்ணீர் எந்த லட்சணத்தில் வருகிறது என்று எழுத நினைத்தோம். "அகலக் கால் வைக்காதீங்கம்மா. நாலு பேர் இருக்கீங்க. ஒரு கட்டடம் எடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆகஸ்ட் 9

நாங்கள் தேர்ந்தெடுத்த மஞ்சள் நிற வாடகைக் கட்டடத்துக்குப் போனோம். குழாயைத் திறந்தால் துரு நிறம், நாற்றம். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவி எத்தனை வருடமோ! கதவு கதவாகத் தட்டினோம். எல்லோர் வாயிலும் பூட்டு. "வீட்டுக்காரர் காதுல விழுந்தா சட்டி பானையைத் தூக்கி வெளிய வெச்சிடுவாரும்மா." ஒரு மாமா கதவைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஆகஸ்ட் 12

ஒருத்தர் பேசிவிட்டார்! இரண்டாம் மாடி தையல்காரக்கா. கணவர் இல்லை, ஒரே மகள். அந்தக் குழந்தைக்கு இந்த வருடம் இரண்டாவது முறையாக டைபாய்டு. மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "எல்லாம் சொல்றேன். என் பேரு மட்டும் வரக்கூடாது. இந்த வாடகைக்கு வேற எங்க போவேன்?" வராது அக்கா, வரவே வராது என்றேன்.

ஆகஸ்ட் 13

மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப கட்டடம்கூட வேண்டாம். அந்த ஒரு வீடு போதும். அதை முழுசா காட்டுங்க." அப்போதே கேள்விகளை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21

எழுதி முடித்தாயிற்று. பெயர் இல்லை, தெரு இல்லை, முகம் இல்லை. எங்கள் நால்வரில் கண்ணாடி போட்ட சோடாபுட்டி எடுத்த படத்தில் மெஷினும் அக்காவின் கைகளும் மட்டும். நாலு பேரும் திருப்பித் திருப்பிப் படித்தோம். எங்கேயும் பெயர் கசியவில்லை.

ஆகஸ்ட் 27

கல்லூரித் தளத்தில் வெளியானது. எல்லோரும் பகிர்கிறார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் ஒருவரையும் விடவில்லை, போனை நீட்டிக் காட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 30

அக்கா போன் செய்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பேரு வராதுன்னியேம்மா. நீங்க வந்து தட்டினது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கட்டடத்துல தையல் மெஷின் வெச்சிருக்கறது நான் ஒருத்திதானே? வீட்டுக்காரர் காலி பண்ணுன்னுட்டாரு."

ஐயோ. நாலு பேர் படிச்சோமே, ஒருத்தருக்குக்கூடவா தோணலை? பெயரை மறைக்கறதிலேயே கண்ணா இருந்தோம். இத்தனை தெருவுல எத்தனையோ தையல்காரி இருப்பாங்க. ஒரு கட்டடத்துல? சுருக்கிச் சுருக்கி வீட்டுக்காரர் கையில பிடிச்சுக் கொடுத்துட்டோம்.

ஆகஸ்ட் 31

மேடம் அந்த வீட்டுக்காரரிடம் பேசினார். "நீங்க எழுதினதுக்காக நான் எதுக்குங்க போகச் சொல்றேன்? என் பையனுக்கு வீடு வேணும், அவ்வளவுதான்" என்றாராம். எப்படி மறுப்பது?

செப்டம்பர் 2

இன்றும் அக்காவைப் பார்க்கப் போகவில்லை. எந்த முகத்தோடு?

செப்டம்பர் 14

போனேன். இரண்டாம் மாடியில் வேறு யாரோ குடி வந்திருக்கிறார்கள். கீழ்வீட்டு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உன் புண்ணியம்மா. நீங்க எழுதினதைப் பார்த்து நாலு பேர் கேட்டதும் வீட்டுக்காரரே ஆளை வெச்சுத் தொட்டியைக் கழுவிட்டாரு. இந்தா, நீயே பாரு" என்று ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

தையல்காரக்கா எங்கே போனார் என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? விடிகாலையில சாமானை ஏத்திக்கிட்டுப் போயிட்டா. பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வேற. நீ குடிம்மா."

குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.