கறுப்பு ஃபியட்டில் வெள்ளைப் புள்ளி

1974 மே 27, திங்கள்

லைசென்ஸ் வந்து பதினோரு நாள்தான் ஆகிறது, அதற்குள் முதலாளி தன் வாயாலேயே சொல்லிவிட்டார், அவர் மகள் ஜெயபாரதி அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கறுப்பு ஃபியட்டை ஓட்டப்போவது நான்தான்!

சந்தோஷத்தில் எழுத்து கோணலாகப் போகிறது. பரவாயில்லை.

முதலாளி மாணிக்கவாசகம் ஐயாவின் பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் அப்பா சேல்ஸ்மேன். மயிலாப்பூரில் அவர் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருக்கிறோம். இரண்டு வருஷமாக அந்த வண்டியைச் சும்மாவே துடைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு நிபந்தனை. “வண்டியில எம் மூஞ்சி தெரியணும்லே. தெரியலன்னா வடபழனி டிரைவர வரச் சொல்லிருவேன்.”

ஜூன் 9 அழைப்பு. பதிமூன்று நாள். தாராளம்.

மே 28

உச்சிவெயிலில் எட்டு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். துடைக்கத் துணி எடுத்துவருவதற்குள் காய்ந்துவிட்டது. பானெட், கூரை, கதவு எங்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. வண்டிக்கு அம்மை போட்டதுபோல.

எங்கள் கிணறு உப்பு என்று எனக்குத் தெரியாதா என்ன? பருப்பே வேகாத தண்ணி!

மே 29

மெழுகு போட்டால் மறையும் என்று போட்டேன். மறையவில்லை. புள்ளிக்குக் கண்ணாடி மாட்டி வைத்த மாதிரி இன்னும் நன்றாகத் தெரிகிறது.

மே 31

அம்மா புளி போட்டுப் பித்தளை அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு உருண்டை எடுத்து பானெட்டில் தேய்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பே செத்துவிட்டது. உப்புக் கல் கலந்த புளியாம். முன்னாடியே சொல்லக் கூடாதா?

பேட்டரி கடை அக்பர் பாஷா வந்து மோந்து பார்த்தான். “இன்னா மச்சி, வண்டிக்கு ரசம் வெச்சிக்கினு கீறியா?”

அவனோடு பேசப்போவதில்லை.

ஜூன் 2, ஞாயிறு

பேசினேன். பேட்டரிக்கு ஊற்றும், உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டர் அவனிடம்தானே இருக்கிறது.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய கார் பத்திரிகையை அகராதியோடு உட்கார்ந்து படித்ததில் விஷயம் பிடிபட்டது. முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் பழைய மெழுகை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு வினிகர் ஒரு பங்கு, பேட்டரி தண்ணீர் ஒரு பங்கு. நிழலில், வண்டி சூடில்லாதபோது. நனைத்த துணியைப் புள்ளிமேல் ஒரு நிமிஷம் வைத்து ஒற்றி எடுத்து, உடனே பேட்டரி தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். கடைசியில்தான் மெழுகு.

போயே போச்சு! புளி பட்ட இடத்தை மட்டும் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை தொட்டு விரல்நுனியால் மூன்று மணிநேரம் தேய்த்தேன். அதுவும் வழிக்கு வந்தது. மெழுகு நாளைக்கு.

ஜூன் 4

திரும்பவும் புள்ளி! இடதுபக்கம் மட்டும். நேற்று போட்ட மெழுகுமேல். இந்தத் தடவை பழுப்பு நிறம் வேறு. யார் வேலை இது? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

ஜூன் 5

ஐந்து மணிக்கே எழுந்து காவல் இருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். என்ன பிரயோசனம்?

சுலோச்சனா அம்மா, முதலாளியின் மனைவி. சாணித் தண்ணி வாளியோடு வந்து, கையை வீசி வாசல் தெளிக்கிறார். கல்யாணம் என்பதால் பக்கத்து வீடுவரை தெளிக்கிறார். நடுவில் வண்டி.

வண்டியைத் தள்ளி நிறுத்த இடமில்லை, உள்முற்றம் முழுக்கப் பந்தல். கொஞ்ச நாள் தெளிக்காமல் இருக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“மக கல்யாண வீட்டுல வாசல் தெளிக்காமப் போடச் சொல்லுதியா? ஒன் வண்டி பெருசா, எம் மக பெருசா?”

நாளையிலிருந்து நானே தெளிக்கிறேன் என்றேன். அப்புறம் வாளியை என் கையில் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 6

வாசல் தெளித்தேன். குனிந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி, தரையோடு தரையாக. எதிர்வீட்டுப் பெண்கள் கோலத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஜெயபாரதி அக்கா, “கோலமும் நீயே போட்டுடேன் வடிவேலு” என்றாள்.

ஜூன் 7

தெளித்தேன். புள்ளி இல்லை.

ஜூன் 8

மெழுகு இரண்டாம் தடவை. முதலாளி பானெட்டில் குனிந்து மீசையைச் சீவிக்கொண்டார். பிறகு சாவியை நீட்டினார்.

ஜூன் 9, ஞாயிறு

ஓட்டிட்டேன்! நாகஸ்வரக்காரர்கள் முன்னால் நடக்க, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை முழுக்க முதல் கியர். அரை மைலுக்கு ஐம்பது நிமிஷம். பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒவ்வொன்றும் பானெட்டுக்குள் இன்னொரு தடவை எரிந்தது. ஒரு தடவைகூட எஞ்சினை அணையவிடவில்லை.

ஜூன் 10

தாலி கட்டி முடிந்ததும் முதலாளி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். என் கையிலிருந்து சாவியை வாங்கி, வெற்றிலைத் தட்டில் வைத்து, மாப்பிள்ளை கருணாகரனிடம் கொடுத்தார். மண்டபமே கை தட்டியது.

வண்டி சீராம். தூத்துக்குடிக்குப் போகிறதாம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்குமா? ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?

“சொல்லியிருந்தா இப்புடித் தொடச்சிருப்பியாடா?” என்றார் அப்பா.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 11

விடியும் முன்பே எழுந்துவிட்டேன். அவர்கள் கிளம்புவதற்குள் ஒரு தரம் துடைத்தேன். பிறகு மீதி வினிகர் பாட்டிலைத் துணியில் சுற்றி, டாஷ்போர்டு பெட்டிக்குள் இந்தச் சீட்டோடு வைத்தேன். பிரதி இங்கே:

“மாப்பிள்ளை சார் அவர்களுக்கு. தூத்துக்குடித் தண்ணீரும் உப்பு என்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெயிலில் கழுவாதீர்கள். புள்ளி விழுந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஊறவிட்டால் பெயிண்டைத் தின்றுவிடும். குளிரில் முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்ட வேண்டாம். வண்டி எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டு போடுங்கள். இரண்டு வரி போதும். இப்படிக்கு, வடிவேலு.”