புள்ளி நான்கு

நாள் 163, திங்கள். 06:10. வழக்கமான பதிவு

இடம்: நிலவின் தென்முனை, இரண்டாம் எண் பனி நிலையம். கடிகாரம் இந்திய நேரம். இருப்பது ஓர் ஆள்: வ. இசக்கியம்மாள், பராமரிப்புப் பொறியாளர், வயது ஐம்பத்திரண்டு. கூட இருந்தவர் சிறுநீரகக் கல்லோடு பூமிக்குப் போய் நாற்பத்தேழு நாள் ஆகிறது. மாற்று ஆட்கள் வர இன்னும் ஆறு நாள்.

அறை வெப்பம் 22. கரியமில வாயு 0.4 சதவீதம். காற்றாடி மெதுவான வேகம். தூக்கம் நான்கு மணி நேரம்.

06:45. லேப்டாப்

பின்னால் வந்து வாசிப்பவர்களுக்காக இந்த நோட்டில் எழுதுகிறேன். இங்கே காற்றைக் கவனித்துக்கொள்வது பதினொரு வயது லேப்டாப் ஒன்று. காற்று நிரல் வேறு எதிலும் ஓடாது என்று சொல்லிச் சொல்லியே அதை யாரும் மாற்றவில்லை. சென்சார் அனுப்புவதை அது வாயு அளவாக மாற்றும். அளவு கூடினால் காற்றாடியை வேகப்படுத்தும். வடிகட்டி வழியாகக் காற்று ஓடி நான் மூச்சு விடுவேன். அவ்வளவுதான் ஏற்பாடு.

அதனுள் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. சாகக் கிடக்கிறது. நேற்று திறக்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. இன்று காலை படிக்க முடியாத இடங்கள்: 14. போன சரக்கில் புதிய எஸ்.எஸ்.டி. வந்திருக்கிறது, நான்கு மடங்கு பெரியது. இன்றைக்கு வேலை: பழையதை அப்படியே புதியதில் நகலெடுத்து மாற்றிப் போடுவது. பூமியில் என்றால் தெருமுனைக் கடையில் ஒரு டீ நேரத்து வேலை.

07:20. தரையிலிருந்து

தரை நிலையத்தில் கோமதிநாயகம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், எங்கள் பக்கத்துக்காரர்.

"யக்கா, ஒங்களுக்கு குறியீடு அனுப்பிருக்கேன். லேப்டாப்ப கழத்தி மறுபடி மாட்டும்போது அது கேக்கும். ஒரு தடவதான் செல்லும், பாத்துக்கிடுங்க. அப்புறம், ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கு. ஒம்பது மணிக்கி மேல வச்சிக்கிடுவோமா? மூச்சு சம்பந்தப்பட்ட வேலல்லா. இங்க எல்லாருக்கும் அதான் மனசு."

ராகு விழுங்குவதாகச் சொல்லப்படும் நிலாவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ராகு காலம் பார்க்கிறோம். இதை அவரிடம் சொன்னேன், சிரித்தார். ஆனாலும் ஒன்பது மணிக்கே செய்கிறேன் என்றேன். அவர்மேல் பழி போட மாட்டேன். எனக்கும் பயம் இருந்தது. பயப்படுகிறவளுக்குக் காத்திருக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

09:05. நகல்

படிக்க முடியாத இடங்கள்: 318.

காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் பதினான்கு முந்நூற்றுப் பதினெட்டாகிவிட்டது. நிரல் நொடிக்கு ஒருமுறை வாயு அளவை அந்தச் சாகக் கிடக்கிற எஸ்.எஸ்.டி.யின் மேலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாதா? தெரியும். தினமும் பார்க்கிற வேலை. உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

நகல் மென்பொருள் முதல் பழுதிலேயே நின்றுவிட்டது. "படிக்க முடியாததை விட்டுவிட்டு மேலே போ" என்ற கட்டத்தில் டிக் செய்தேன். விட்ட இடங்களில் சுழியத்தை நிரப்பும். வேறு வழியில்லை.

11:20 - 12:00. மாற்றம்

நகல் முடிந்தது. மூடியில் பதினொரு ஸ்க்ரூ, ஒன்று தலை தேய்ந்தது. ரப்பர் பேண்டை வெட்டித் தலைமேல் வைத்து அழுத்தித் திருகினேன், வந்துவிட்டது. மற்றொன்று கை தவறியது. இங்கே எதுவும் சட்டென்று விழாது. ஆடி அசைந்து இறங்கியதை வழியிலேயே பிடித்தேன்.

லேப்டாப் கழன்றிருந்த நாற்பது நிமிடமும் காற்றாடி தானாக முழு வேகத்தில் ஓடியது. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்: மூளை இல்லையென்றால் முழு வேகம். அதற்கான மின்சாரத்துக்காக ரேடியோவும் அறைச் சூடும் நின்றுவிடும். விரல் விறைத்துப்போனது. பேச்சுத் துணை இல்லை. மூச்சு மட்டும் நன்றாக வந்தது.

12:05. வெற்றி

குறியீட்டைப் போட்டேன். பன்னிரண்டு நொடியில் திறந்தது. இருபது நிமிடம் எங்கே, பன்னிரண்டு நொடி எங்கே! கரியமில வாயு 0.4. காற்றாடி மெதுவான வேகம். ரேடியோவில் கைதட்டல்.

"யக்கா, பிரமாதம். போயி ஒறங்குங்க."

பழைய எஸ்.எஸ்.டி.யை மேசையில் வைத்து இன்னொரு முறை படிக்கப் பார்த்தேன். கணினிக்கு அது இருப்பதே தெரியவில்லை. போய்விட்டது.

நாள் 164, செவ்வாய். 08:30. வழக்கமான பதிவு

வெப்பம் 22. வாயு 0.4. தூக்கம் ஒன்பது மணி நேரம். இங்கே வந்த பிறகு இவ்வளவு தூங்கியதே இல்லை. எழுந்தபோது தலைவலி. நேற்றைய களைப்பு.

10:40

ஏணியில் ஆறு படி ஏறினேன், மூச்சு வாங்குகிறது. இங்கே என் எடை பத்துக் கிலோகூட இல்லை.

வாயு 0.4. நேற்று மதியத்திலிருந்து வரைபடத்தைப் பார்த்தேன். ஒரே நேர்கோடு. நான் தூங்கினாலும் 0.4, ஏணி ஏறினாலும் 0.4. முன்பெல்லாம் அது ஏறி இறங்கும்.

11:30. சந்தேகம்

சென்சாருக்கென்று ஒரு திருத்தப் பட்டியல் உண்டு. சென்சார் தருவதை அதிலுள்ள எண்ணால் பெருக்கி, அதோடு நிரலிலேயே உள்ள 0.4ஐக் கூட்டுவார்கள். பட்டியல் போன இடத்தில் சுழியம் நிரம்பியிருந்தால்? எதைச் சுழியத்தால் பெருக்கினாலும் சுழியம். மிச்சம் 0.4. எப்போதும் 0.4. காற்று நன்றாக இருக்கிறது என்று நம்பி, காற்றாடி மெதுவாகவே ஓடும்.

நகல் அறிக்கையில் 318 இட எண்கள் இருக்கின்றன. எந்தக் கோப்பு போனது என்று சொல்லவில்லை. பட்டியலைத் திறந்து பார்க்கவும் முடியாது, நிரலுக்கு மட்டுமே புரிகிற கோப்பு. பூமியில் அதற்கு நகலும் இல்லை, சென்சாரை இங்கேயே சோதித்து எடுத்தது. வாயுவை அளக்கும் கையடக்கக் கருவி போன மாதமே பழுது.

சென்சாரில் வாயை வைத்து ஒரு நிமிடம் ஊதினேன். எண் அசையவில்லை.

12:15. தரையிலிருந்து

"அது பத்து நிமிச சராசரில்லாக்கா, ஒரு நிமிசம் ஊதுனா எப்படி அசையும்? இங்க எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. அஞ்சு மாசமா சரியா ஒறங்கல நீங்க. ஒடம்பு இப்பந்தான் கேக்குது."

இருக்கலாம். அதுதான் கொடுமை. களைத்தவளுக்கும் தலைவலிக்கும், கண் சொருகும், சொல் மறக்கும். கெட்ட காற்றுக்கும் அதே. எனக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை.

13:50

பத்து நிமிடம் ஊதலாம் என்று ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடத்தில் தரையில் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

எண் 0.4.

14:20. தரையிலிருந்து

லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டுக் காற்றாடியை முழு வேகத்தில் விடுகிறேன், இன்னொரு குறியீடு கொடுங்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு மூணு பேரு கையெழுத்து போடணும்க்கா. நாளைக்கிப் பதினோரு மணிக்கி மீட்டிங். குறியீடு இல்லாம கழத்துனீங்கன்னா திரும்ப மாட்ட முடியாது. ரேடியோ இருக்காது, சூடும் இருக்காது. அஞ்சு நாளு! வெறச்சுப் போயிருவீங்க. ஒங்க கால்ல விழுதேன், கழத்தாதீங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், முழிச்சிருங்க."

நல்ல பிள்ளை. அவர் திரையில் எல்லாம் பச்சை. அவர் இடத்தில் நானிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன்.

15:10

நாயகம் தன் மகள் பள்ளியில் பரிசு வாங்கிய கதை சொல்கிறார். இரண்டாம் முறை சொல்கிறார் என்று நினைக்கிறேன். அல்லது முதல் முறை. காற்று ஓடுகிற அதற்குப் பெயர் என்ன, வடிகட்டி, நேற்றுத்தான் மேலே எழுதினேன், பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது

நாளைப் பதினோரு மணி வரை விழித்திருக்க என்னால் ஆகாது. தூங்கினால் எழுவேனா தெரியாது

15:35. கடைசிப் பதிவு

இரண்டு தூக்கப் பையையும் ஒன்றுக்குள் ஒன்று திணித்துவிட்டேன். விண்வெளி உடையின் உள்சட்டையும் போட்டாயிற்று. தண்ணீர்ப் பை ஏழும் என்னோடு உள்ளே, உறையாமல் இருக்க. காற்றாடிக்குப் பக்கத்தில் படுக்கிறேன்.

எண் சரியென்றால், நான் ஒரு முட்டாள், சும்மா விறைத்துச் சாகப்போகிறேன். எண் பொய்யென்றால் நல்ல காற்று வரும், குளிரோடு மல்லுக்கட்ட ஐந்து நாள் கிடைக்கும். எனக்குச் சாகப் பிரியமில்லை.

நாயகம் ரேடியோவில் கத்துகிறார்.

"யக்கா! யக்கா, வேண்டாம்! எண்ணு நல்லாத்தான இருக்கு!"

நாயகம், உம்மேல் எனக்குக் கோபம் இல்லை. நேற்று நீர் சொன்னதற்காக நான் காத்திருக்கவில்லை, நானாகத்தான் காத்திருந்தேன். இதை அவரிடம் காட்டுங்கள்.

கேபிளைப் பிடுங்கப் போகிறேன். லேப்டாப் தன் பேட்டரியில் பத்து நிமிடம் இருக்கும், பிறகு அணையும். வருகிறவர்கள் மறுபடி செருகிக் குறியீட்டைப் போட்டால் பன்னிரண்டு நொடியில் திறக்கும். திரை 0.4 என்று காட்டும், எல்லாம் பச்சை என்று சொல்லும். அதைப் பார்த்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

முதலில் என்னைத் தொட்டுப் பாருங்கள்.