நரிக்கு மட்டும் மெதுவாக

ஜூலை 8, 2024, திங்கள்

ஆபீஸுக்குள் நுழையும்போதே வன்னியபெருமாள் அண்ணாச்சி கொதித்துக்கொண்டிருந்தார். ஒரே முந்திரிச் சரக்குக்கு இரண்டு ஷிப்பிங் பில் ஏறிவிட்டது. ஒருத்தர் குரோமில் போட்டதை, அது தெரியாமல், இன்னொருத்தர் ஃபயர்பாக்ஸில் மறுபடி போட்டிருக்கிறார். சரக்கைக் கப்பலேற்றுவதற்கான எழுத்து வேலையெல்லாம் இப்போது இணையத்தில்தான். எங்கள் கிளியரிங் ஆபீஸில் நாலு சீட்டு, ஆளுக்கொரு பழக்கம்.

“இனி எல்லாச் சீட்டுலயும் ஒரே பிரவுசர்தான். செங்கமலம்மா, நீங்க எல்லாத்தையும் ஓட்டிப் பாருங்க. எது வேகம், எதுல என்ன வசதி, எதுல நம்ம தளமெல்லாம் ஒழுங்கா வருதுன்னு சொல்லுங்க. அடுத்த சனிக்கிழமை கிங்ஸ்டன் வந்து அத மட்டும் விட்டுட்டு மிச்சத்தப் பூட்டிருவான்.”

கிங்ஸ்டன் எங்கள் கம்ப்யூட்டர்காரர். அவரிடம் கேட்காமல் அண்ணாச்சி என்னிடம் கேட்டாரே. ஆழ்வார்திருநகரி பஸ்ஸில் வீடு வரும்வரை தலைகால் புரியவில்லை. என் கணவரிடம் சொன்னேன். “பிரவுசருக்கெல்லாம் பரீட்சை வைக்கப்போறியா, பாவம் அதுகள்” என்றார். அவருக்கு எல்லாம் கேலி.

ஜூலை 9, செவ்வாய்

குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றையும் வரிசையாகத் திறந்து ஓட்டினேன். இத்தனை வருஷம் இவற்றின் வழியாக எதை எதையோ பார்த்திருக்கிறேன், இவற்றைப் பார்த்ததில்லை.

குரோம் பாதி வார்த்தை தட்டுவதற்குள் மீதியைச் சொல்லிவிடுகிறது. வியட்நாம் பார்ட்டி அனுப்பிய பக்கத்தை ஒரே தட்டில் தமிழாக்கியது. தமிழ் கொஞ்சம் கொழகொழ, ஆனால் கருவாட்டுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பது விளங்கிவிட்டது. எட்ஜில் டேப்புகளை ஓரமாக, மேலிருந்து கீழாக அடுக்கலாம். இருபது டேப் திறந்தாலும் ஒவ்வொன்றின் பெயரும் தெரிகிறது.

ஆனால் ஃபயர்பாக்ஸ் இருக்கிறதே, எங்கள் ஆபீஸ் பாஷையில் நரி. ஒரே தளத்தில் இரண்டு பார்ட்டிகளின் கணக்கைப் பக்கத்துப் பக்கத்து டேப்பில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு ஆரஞ்சு. ஒன்றின் வாசனை இன்னொன்றில் படாது. இதை எந்த மகராஜன் யோசித்தானோ, அவன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

ஜூலை 10, புதன்

வேகத்தை எப்படி அளப்பது? ஃபோனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒரு கை மவுஸில், ஒரு கை கீபோர்டில், கண் திரையில். வாய் ஒன்றுதான் சும்மா இருக்கிறது. எங்கள் அகத்தில் பால் காயவும் பருப்பு வேகவும் பாசுரம்தான் கணக்கு. அதையே வைத்துக்கொண்டேன். பக்கத்தைத் தட்டிவிட்டு ஒரு பாசுரம் சொல்வது, எந்த அடியில் திறக்கிறது என்று பார்ப்பது.

நரி இரண்டாம் அடியிலேயே திறந்துவிட்டது. குரோம் மூன்றாம் அடி. எட்ஜ் நாலாம் அடியில் ஆடி அசைந்து வந்தது. எல்லாம் எங்கள் பழைய கம்ப்யூட்டரில்தான், அதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் நரி நரிதான்.

ஜூலை 11, வியாழன்

விஜிலா எனக்கு அடுத்த சீட்டு. திரேஸ்புரத்துக் கடற்கரைப் பெண், கெட்டிக்காரி. இந்த ஒரு வருஷத்தில் அவள் போட்ட பில் எதுவும் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. ஒரே ஒரு குறை. காலையில் காதில் மாட்டும் இயர்போனைச் சாயங்காலம்தான் கழற்றுவாள். வேலை நேரத்தில் பாட்டு. எனக்கு எரிச்சலாக வரும்.

இன்று ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். “அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படமாட்டியளே? நரிக்கு மட்டும் மெதுவா பாடுதிய.”

“என்னது?”

“நரிக்கு இழுத்து இழுத்துப் பாடுதிய. குரோமுக்கு பஸ்ஸப் புடிக்க ஓடுத மாரி சொல்லுதிய. பெறகு நரிதான ஜெயிக்கும்?”

“பாட்டுக் கேட்கிறவளுக்கு என் பாசுரம் காதில் எப்படி விழுந்தது?” என்றேன் சுள்ளென்று. சிரித்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். நரியின் படத்தைப் பார்த்ததும் எனக்கு ராகம் வந்துவிடுகிறது. பெருமாளை வைத்துக்கொண்டு கள்ளத் தராசு பிடித்திருக்கிறேன். அதுவும் ஒரு குழந்தை கண்டுபிடித்துச் சொல்லும்படி.

ஜூலை 12, வெள்ளி

ஒரே சீராகச் சொன்னேன். குரோம் முதல், நரி இரண்டாவது, எட்ஜ் கடைசி. போதும்.

ஜூலை 15, திங்கள்

ஒரு கப்பல் கம்பெனியின் தளத்தில் ‘சமர்ப்பி’ பொத்தானே நரியில் வரவில்லை. அந்தத் தளத்தைச் செய்தவர்களின் சோம்பேறித்தனம், பழி நரிக்கு. அழுகை வராத குறை. குரோமில் எல்லாத் தளமும் மளமளவென்று வருகிறது. நேர்மையாகச் சொன்னால் குரோம்தான். வேகத்திலும் எதற்கும் வளைந்து கொடுப்பதிலும் அதைக் கும்பிடலாம்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். “அதான் தெரியுமே. எம் மருமவனும் அதத்தான் சொன்னாவ. வெள்ளிக்கிழமை முடிவா சொல்லிருங்க, சனிக்கிழமை பூட்டிருவோம்” என்றார்.

விஜிலா கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டாள். கேட்டதற்கு, பசிக்கவில்லை என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

எப்படி எழுதுவேன்.

எட்ஜை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று சாப்பாட்டு வேளையில் விஜிலா சீட்டில் உட்கார்ந்தேன். அவள் எப்போதும் எட்ஜ்தான். இயர்போன் மேசையில் கிடந்து கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. அப்படி என்ன பாட்டு என்று காதில் வைத்தேன்.

பாட்டு இல்லை. ஒரு பெண் குரல், மூச்சு விடாமல், என்ன மொழி என்றே தெரியாத வேகத்தில். காதைத் தீட்டிக் கேட்டபோது ஒரு வார்த்தை பிடிபட்டது, சீல் நம்பர். பிறகு ஒரு கன்டெய்னர் நம்பர். திரையில் இருந்த பில்லை எட்ஜ் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தால் விஜிலா நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

மாடிப்படியில் வைத்துச் சொன்னாள். “நேரா பாத்தா தெரியுதுக்கா. ஓரம் தெரியல. கொழாய் வழியா பாக்குத மாரி. வரி தவறிப்போவுது, நம்பர் தவறிப்போவுது. திருநவேலில காமிச்சாச்சு. கூடாமப் பாத்துக்கிடலாம், போனது வராதுன்னுட்டாவ.” பில்லை ஒரு தடவை கண்ணால், ஒரு தடவை காதால். அப்படித்தான் ஒரு வருஷமாக ஓட்டியிருக்கிறாள். மற்றதிலும் வாசிக்கும் வசதி இருக்கிறதாம். ஆனால் அவள் காது பழகியது இந்தக் குரலுக்கு, இந்த வேகத்துக்கு.

“சனிக்கிழமை பூட்டிட்டா நான் என்னக்கா செய்ய? அண்ணாச்சிகிட்ட மட்டும் சொல்லிராதிய. கண்ணு தெரியாதவள எண்ட்ரி சீட்ல வச்சிருப்பாவளா?”

அப்பா இல்லாத வீடு. அம்மாவும் தங்கையும் இவள் சம்பளத்தில். இதைத் தெரியாமல் நான், பாட்டுக் கேட்கிறாள், பாட்டுக் கேட்கிறாள் என்று… சீ. அவள் எவ்வளவு பெரிய வேலைக்காரி. அந்த வேகத்தை என் காது எட்டிக்கூடப் பிடிக்கவில்லை. நான் பிரவுசர்களுக்கு வேகம் பார்த்துக்கொண்டிருந்தேன், வேகம் அடுத்த சீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஜூலை 18, வியாழன்

எட்ஜ் என்று சொல்லிவிடுவது. காரணம் கேட்டால்? ஏதாவது சொல்லிச் சமாளிப்பது. பொய் சொல்ல வேண்டியதில்லை, அதில் நல்லது நிறைய இருக்கிறது. குழறாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை 19, வெள்ளி

குழறினேன்.

“எட்ஜா? திங்கக்கிழமை குரோம்னியளேம்மா” என்று சிரித்தார் அண்ணாச்சி. தானே உட்கார்ந்து, தன் ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்துத் தட்டிப் பார்த்தார். குரோம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. எட்ஜ் வழக்கம்போல நிதானம். டேப்பை ஓரமாக அடுக்கலாம் என்றேன். “மேல இருந்தா என்ன, ஓரமா இருந்தா என்ன?” பிடிஎஃப்பில் எழுதலாம் என்றேன். கொட்டாவி விட்டார். வேறு வழி தெரியாமல், பக்கத்தை நன்றாக வாசித்துக் காட்டும் என்றேன்.

“நமக்கு என்னத்துக்கும்மா வாசிச்சுக் காட்டணும்? எல்லாருக்கும்தான் கண்ணு இருக்கே.”

அடுத்த சீட்டில் விஜிலா இயர்போன் வயரைப் பிடுங்கினாள். அந்தக் குரல் ஆபீஸ் முழுக்கப் பொலபொலவென்று கொட்டியது.

“எனக்கு இல்ல அண்ணாச்சி” என்றாள்.

உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அவளே சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அண்ணாச்சி கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு திரையைக் காட்டி, “ஏளா, இவ்வளவு வேகமா வாசிக்கே, வெளங்குதா ஒனக்கு?” என்றார். “வெளங்குது அண்ணாச்சி. இதுக்கு மேலயும் கூட்டலாம்.” செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் சாயங்காலம் வரை திரும்பவில்லை.

பெருமாளே, நான் கொஞ்சம் நன்றாகப் பேசியிருக்கக் கூடாதா.

ஜூலை 20, சனி

விஜிலா எனக்கு முன்னால் வந்து, இயர்போனை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிங்ஸ்டன் வந்தார். “எத அண்ணாச்சி விடணும்?”

அண்ணாச்சி எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. “எட்ஜ விடு, மிச்சத்தப் பூட்டு. கொஞ்சம் மெதுவா வந்தா ஒண்ணும் கப்பல் போயிராது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த வாசிக்குத பொம்பளக் கொரல எஞ்சீட்லயும் வச்சுக்குடு. மெதுவா வாசிக்கணும். தமிழ்ல வருமா?”

வரும் என்றார் கிங்ஸ்டன். காலை முழுக்க அண்ணாச்சி அறையிலிருந்து அந்தக் குரல் உப்பு விலையை வாசிப்பது கேட்டது. அரைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பேப்பரோடு போடும் மல்லுக்கட்டை நாங்கள் தினம் பார்ப்பதுதான்.

போகும்போது அண்ணாச்சி விஜிலாவின் மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினார். “திங்கக்கிழமைல இருந்து எல்லாச் சீட்டு பில்லும் அனுப்புறதுக்கு முன்னால ஒங்காதுல ஏறி எறங்கட்டும். யாராவது தப்பு விட்டா வந்து எங்கிட்ட சொல்லு.”

நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். நரிக்காகவும் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். விஜிலா லீவு. பில்கள் அவள் காதுக்காகக் காத்துக் கிடக்கின்றன. நாங்களும்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

திருவிழா விடுமுறை முடிந்து இன்று ஆபீஸ். எல்லாச் சீட்டிலும் தளம் இழுத்துக்கொண்டு நின்றது. பழக்க தோஷம், தட்டிவிட்டுப் பாசுரத்தை ஆரம்பித்தேன். முதல் அடியிலேயே ஃபோன் வந்தது. பாசுரத்தை விட்டுவிட்டு எடுத்தேன்.

உடனே பக்கத்துச் சீட்டிலிருந்து சன்னமாகக் கேட்டது. என் பாசுரம்தான். நான் விட்ட இடத்திலிருந்து, ஒரு சொல் பிசகாமல், திரேஸ்புரத்து வாயில். விஜிலா திரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. நான் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி அளந்த அந்த நாட்களில் காதில் விழுந்ததுதான். ஃபோனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

“நாலாவது அடி முடியயில தொறந்துட்டுக்கா” என்றாள். “கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல.”