ஓட்டில்லாத பங்கு

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று போனில் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் நீங்கள், "சரிப்பா, குழந்தைக்கு இருமல் எப்படி இருக்கு?" என்றீர்கள். குழந்தைக்கு இருமலே இல்லை. நான் சொன்னது உங்கள் ஓய்வுப் பணத்தைப் பற்றி. முப்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்ற காது. அதைக் குறை சொல்லவில்லை. வாங்கிக் கொடுத்த காது மெஷினை டிராயருக்குள் தூங்கவைத்தால் யாரைக் குறை சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

பணம் பாங்கில் சும்மா கிடக்கிறது. வட்டி என்று வருவது உங்கள் டீச் செலவுக்குக் காணாது. முன்னுரிமைப் பங்கு வாங்குங்கள். கம்பெனி சம்பாதித்ததில் முதலில் கடன் கொடுத்தவனுக்கு வட்டி போகும். அடுத்தது முன்னுரிமைப் பங்குக்காரருக்கு, பேசிவைத்த விகிதத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிவிடெண்ட். மிஞ்சினால்தான் சாதாரணப் பங்குக்காரருக்கு. லாபம் கொட்டினாலும் உங்களுக்கு அதே விகிதம்தான். கம்பெனிக் கூட்டத்தில் ஓட்டும் கிடையாது. உங்களுக்கு ஓட்டு எதற்கு? வாடகைக்குப் பணம் வந்தால் போதாதா?

ஒரே கம்பெனியில் கொட்டக் கூடாது. ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ஒரு தவணை தராமல் விட்டால், அந்தப் பாக்கி சேர்ந்து நிற்கிற வகையாக இருக்க வேண்டும். விட்டது விட்டதுதான் என்கிற வகையும் உண்டு. அதைத் தொடவே கூடாது. இன்னொன்று: குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு கம்பெனி முகமதிப்பான நூறை மட்டும் கொடுத்துப் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நூற்றுப்பத்துக்கு வாங்கியவன் பத்தை இழந்து நிற்பான்.

கணக்கு திறந்துவிட்டேன். கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. தரகர் ஆபீஸில் கையெழுத்துப் போடுங்கள். எதை வாங்குவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் இங்கே வந்துவிடுங்கள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

உங்கள் மகன்

*

மார்ச் 15

அன்புள்ள விசிலுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சின்ன வயதில் பாய்லர் விசில் மாதிரி கத்துவாய் என்றுதான் உனக்கு இந்தப் பேர் வைத்தேன். நேரில் பேசுவதைவிட எழுத்தில் நீ கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறாய்.

தரகர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். அங்கே ஒரு பெண், நல்ல பிள்ளை, என் காதில் விழவேண்டும் என்று கத்திக் கத்திச் சொன்னாள். என் சொத்து விவரம் இப்போது அந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

வாங்கியும்விட்டேன். நம் ஆலையின் பங்குதான். மொத்தப் பணத்துக்கும். போன வருஷம் பாய்லர் குழாய் அத்தனையும் புதிதாக மாற்றினான். கையில் காசில்லாதவன் ஓட்டையை அடைத்து ஓட்டுவான், மாற்ற மாட்டான். நீ சொல்கிற மாதிரிக் கம்பெனிகள் எல்லாம் நூற்றுக்கு ஆறோ ஏழோதான் தருகின்றன. இவன் ஒன்பது தருகிறான். பாக்கி சேருமா என்று நீ சொன்னபடி கேட்டேன். சேராதாம். எனக்கு ஒரு மாசம்கூடச் சம்பளத்தைத் தள்ளிப்போடாத கம்பெனி. பாக்கி விழுந்தால்தானே சேர்வதற்கு?

மருமகளுக்கு என் அன்பு. மாடி அறையில் குழந்தையின் துணி காயட்டும்.

அப்பா

*

மார்ச் 22

அப்பா,

பாய்லரைப் பார்த்துப் பங்கு வாங்கிய ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். மாப்பிள்ளை வீட்டு மாட்டைப் பார்த்துப் பெண் கொடுத்த கதை.

ஆலையின் ஆண்டறிக்கையை எடுத்துப் படித்தேன். குழாய் மாற்றியது கடன் வாங்கி. புரிகிறதா? டிவிடெண்ட் வரிசையில் உங்களுக்கு முன்னால் ஆள் கூடிவிட்டான். நீங்கள் எதைப் பார்த்து நம்பினீர்களோ அதுதான் உங்களைப் பின்னால் தள்ளியிருக்கிறது. ஒன்பது ஏன் தருகிறான்? உங்கள் மேல் பாசமா? ஆறுக்கு எவனும் வரவில்லை. உங்கள் ஓய்வூதியமும் அதே ஆலையிலிருந்து. அவன் படுத்தால் இரண்டும் சேர்ந்து படுக்கும்.

எழுதியதில் எந்த வரி புரியவில்லை? விற்றுவிடுங்கள்.

இங்கே வர உங்களுக்கு என்னதான் தடை? போன தடவை இரண்டு மாதம் இருந்தபோது என்ன குறை வைத்தோம்? முதல் காபி உங்களுக்கு. பேப்பர் பிரிக்காமல் உங்களுக்கு. உங்களுக்குப் பரிமாறாமல் யாராவது தட்டில் கை வைத்தோமா?

உங்கள் மகன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள விசிலுக்கு,

நீ சொன்னது அத்தனையும் நிஜம். முதல் காபி எனக்குத்தான், அதுவும் சூடாக. மருமகளை ஒரு சொல் சொல்ல முடியாது.

ஒரு நாள் நான் நடந்துவிட்டு வந்தபோது, ஜன்னல் பக்கம் இருந்த என் நாற்காலி சுவர் பக்கம் போயிருந்தது. டிவி சத்தம் என்று ஹெட்போன் மாட்டிவிட்டாய். பேத்திக்கு என்ன பேர் வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தால், "அப்பா, பேர் பதிவு பண்ணியாச்சு" என்றாய். நல்ல பேர்தான். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. உன் வீட்டில் நான் முன்னுரிமைப் பங்கு. முதலில் எனக்குக் கிடைக்கும். ஓட்டு கிடையாது.

சண்டைக்குச் சொல்லவில்லைடா. இங்கே ஒற்றை அறை, குழாயில் தண்ணீர் நினைத்தால் வரும். ஆனால் ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று நான் முடிவு பண்ணுகிறேன். அதற்குத்தான் இந்தப் பணம் எனக்கு வேண்டும். போன வாரம் முதல் தவணை வந்தது. வாடகை கொடுத்தேன். மீதியில் ஒரு மேஜை விசிறி வாங்கினேன். விற்பதாக இல்லை.

அப்பா

*

ஜூலை 2

அப்பா,

இன்று காலை ஆலை அறிவித்துவிட்டது. இந்தத் தவணை டிவிடெண்ட் கிடையாது. உங்களுடையது பாக்கி சேராத வகை. அடுத்த வருஷம் லாபம் கொழித்தாலும் இது போனது போனதுதான்.

ஷிப்டில் இருந்தேன். கன்ட்ரோல் ரூமிலிருந்தே திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் காதில் விழுந்திருக்காது. திரையில் விலை என் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. விற்றுவிட்டேன். எண்பத்துமூன்று கிடைத்தது. சாயங்காலம் அறுபத்தெட்டு.

கடிதம் போட்டு, நீங்கள் அதை இரண்டு தடவை படித்து, பதில் எழுதி, அது வந்து சேர்வதற்குள் என்ன மிஞ்சியிருக்கும்? கோபப்படுவதற்கு முன் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் மகன்

*

ஜூலை 12

அன்புள்ள மகனுக்கு,

டிவிடெண்ட் வராது என்று பாய்லர் அறையிலிருந்து பழைய கூட்டாளி வந்து சொன்னான். நடந்துகொண்டே யோசித்தேன். பாதியை விற்போம், பாதியை வைத்திருப்போம் என்று முடிவு பண்ணி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தரகர் ஆபீஸுக்குப் போனேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க கணக்குல ஒரு பங்குகூட இல்லையே! உங்க பையன் நேத்தே வித்துட்டாரே!" என்று கத்தினாள். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆமாம், நான்தான் விற்கச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ சொன்னபடி கணக்குப் போட்டேன். நீ செய்ததுதான் சரி. என் யோசனைப்படி போயிருந்தால் நஷ்டம் அதிகம். நன்றி.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன்.

வாடகைக்காக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்க ஒத்துக்கொண்டேன். காலை வேளை மட்டும்.

அப்பா

*

ஆகஸ்ட் 9

அப்பா,

மூன்று கடிதம் போட்டாயிற்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த வயதில் மறுபடி பாய்லரா? மிச்சமிருக்கிற காதையும் கொடுத்துவிட்டு வரப்போகிறீர்களா? கணக்கில் பணம் இருக்கிறது, எடுத்து வாடகை கொடுங்கள் என்றால் கேட்பதில்லை. நான் அனுப்பிய பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

நான் செய்தது சரி என்று நீங்களே எழுதினீர்கள். சரியானதைச் செய்தவனிடம் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? இதற்கு என்ன கணக்கு? என் மனைவியிடம் கேட்டேன். "உங்களுக்கு நிஜமாவே புரியலையா, இல்ல நடிக்கிறீங்களா?" என்கிறாள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

நாலு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மகன்

*

அக்டோபர் 18

அன்புள்ள விசிலுக்கு,

சலவைக்கூட வேலையை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு வேறு ஆளைத் தேடி வைத்துவிட்டார்கள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் முதல் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, தரகர் ஆபீஸ் பெண்ணின் பிராணனை வாங்கினேன். பணத்தை ஐந்தாகப் பிரித்தேன். மின்சாரம், தண்ணீர், கிடங்கு, காப்பீடு, டெலிபோன். ஐந்தும் பாக்கி சேரும் வகை. ஒரு பாய்லரையும் எட்டிப் பார்க்கவில்லை. டெலிபோன் கம்பெனிப் பங்கு மட்டும் நூற்றெட்டு விலை. எல்லாரும் கேட்கிறார்கள் என்றால் நல்ல சரக்குதானே என்று வாங்கினேன்.

முதல் தவணை வந்துவிட்டது. ஆலை தந்ததைவிடக் குறைவு. வாடகை போக ஒரு வேட்டி வாங்கினேன்.

லீவு கிடைத்தால் மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. முதல் காபி உனக்குத்தான். ஜன்னலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

அப்பா

*

அக்டோபர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

வருகிறோம், அடுத்த மாதம் இரண்டாவது வாரம். நான்கு நாள். காது மெஷினை டிராயரிலிருந்து எடுத்து வையுங்கள். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

ஒரு விஷயம். உங்கள் மருமகள் வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தையைப் பகலில் காப்பகத்தில் விடலாம் என்கிறாள் அவள். நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறேன். "உங்க பொறுமைக்குக் குழந்தையா? ஒரு நாள் தாங்குமா?" என்கிறாள். ஒன்றுக்கு ஒன்று, இழுபறி. இன்னும் எதையும் பதிவு பண்ணவில்லை. உங்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். அதுவரை காத்திருக்கிறோம்.

ஐந்தாகப் பிரித்தது நல்லது. டெலிபோன் கம்பெனியின் நூற்றெட்டையும் முகமதிப்பு நூறையும் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். படம்கூடப் போட்டேன். கிழித்துவிட்டேன். உங்கள் பங்கு, உங்கள் கணக்கு. நீங்கள் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

விசில்

பின்குறிப்பு: கேளுங்கள் அப்பா. பிப்ரவரிக்கு முன்னால்.