மூன்று ‘ஆம்’

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் விட்டதா என்று எழுது.

போனில் சொன்னேனே, துறைமுகத்துக் கிரேன் ஓட்டுநர், அவர் விஷயம் ஜெயித்துவிட்டது. ஆளுமைத் தேர்வில் சந்தேகக் குணத்துக்கான மதிப்பெண் எகிறியிருந்ததால் அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிடலாம் என்று எங்கள் மருத்துவமனையில் அறிக்கை தயார், பெரிய டாக்டரின் கையெழுத்துதான் பாக்கி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு பதிலாகக் கேட்டேன். யாரோ என்னைக் கண்காணிக்கிறார்கள் என்பதற்கு ஆம் போட்டிருக்கிறீர்களே என்றால், “ஆமா மேடம், தலைக்கு மேலயே கேமரா, கொட்டாவி விட்டாக்கூடக் கேக்குறாங்க” என்கிறார். என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கு, “வயர்லெஸ்ல காதுலயே விழுதே” என்கிறார். எல்லாப் பழியும் என்மேல்தான் என்பதற்கு, “கன்டெய்னர் பெட்டி இடிச்சா வேற யாரைக் கேப்பாங்க” என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை, இருபது வருஷ வேலை அல்லவா.

பெரிய டாக்டரிடம் போனால், “உங்களுக்குத் தோணுறதெல்லாம் ஆதாரம் ஆயிடுமா” என்றார். நீயும் இதையே சொல்லித்தானே சண்டை போட்டாய், உனக்கு எண்தான் தெரியும், ஆளைத் தெரியாது என்று நானும் போனை வைத்தேன். அந்த வீம்பை ஓரமாக வைத்துவிட்டுத்தான், கிரேன் ஓட்டுநர்களை வைத்து நீ செய்த ஆராய்ச்சியின் கணக்கைக் கேட்டேன். நல்லபடியாக வேலை பார்க்கும் நூற்று நாற்பது ஓட்டுநர்களில் நூற்றுப் பதினோரு பேர் இந்த மூன்றுக்கும் ஆம் என்றே போட்டிருக்கிறார்கள் என்று நீ அனுப்பியதை மேசைமேல் வைத்தேன். சந்தேகக் குணம் என்று நம் உளவியல் கோட்பாடு சொல்வது இல்லாத பகையை எல்லா இடத்திலும் காண்பதைத்தான். இவர் வீட்டில் அப்படியா என்று மனைவியையும் விசாரித்து எழுதியிருந்தேன். “பக்கத்து வீட்டுல சாவியைக் குடுத்துட்டுப் போற மனுஷன்” என்றார் அந்த அம்மா.

டாக்டர் இரண்டு தரம் படித்தார். பழைய அறிக்கையின் குறுக்கே கோடு போட்டு, “இனிமே வெறும் மதிப்பெண்ணை வச்சு இங்கேருந்து ஒரு காகிதம் வெளிய போகக் கூடாது” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். திங்கட்கிழமை ஓட்டுநர் மறுபடி மேலே ஏறினார். பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது பார்த்தேன், ஒரு மஞ்சள் கிரேன் பெட்டியைப் பூப்போலத் தூக்கிக் கப்பலில் வைத்தது. பக்கத்தில் இருந்தவரிடம் அது என் பையன் வேலை என்று சொல்லிவிட்டேன். நீ கிரேன் ஓட்டுகிறாய் என்று அவர் நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை.

தொட்டதெல்லாம் துலங்கி நீண்ட ஆயுளோடு இரு. அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மறக்காதே.

உன் பிரியமுள்ள
அம்மா